கேக்குக்கு முன்னால் ஓர் ஆமென்

என் சித்திக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தத்தை எட்டு வயதில் நான் ஒரே ஒரு வார்த்தையில் கலைத்துவிட்டேன் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். கெட்ட வார்த்தை ஏதாவது சொல்லியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். நான் சொன்னது ஆமென்.

சித்தி, அம்மாவின் தங்கை. இரும்புலியூரில் எங்களோடுதான் இருந்தாள். ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுத்தாள். அவள் ஸ்கூட்டரில் போனால் வழியில் யாராவது ஒரு பழைய மாணவன் பைக்கை நிறுத்தி “குட் மார்னிங் மிஸ்” என்பான். சாயங்காலம் ஆறு மணியாக இருந்தாலும் அவர்களுக்கு மிஸ்ஸைப் பார்த்தால் குட் மார்னிங்தான் வாயில் வரும். முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகவில்லையே என்று அம்மா கவலைப்பட்டாள். சித்திக்கும் கல்யாணம் வேண்டாம் என்றில்லை. வேலையை விடச் சொல்கிறவர் வேண்டாம், அவ்வளவுதான். அதை அவள் அம்மாவிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அம்மா, “மொதல்ல வரட்டும்டி, அப்புறம் பேசிக்கலாம்” என்றாள்.

வந்தார்கள், ஏழு முறை. வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். எட்டாவது முறைக்கு சித்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இனி யாரும் வீட்டுக்கு வர வேண்டாம், வெளியில் எங்காவது பார்த்துக்கொள்ளலாம் என்று. மாப்பிள்ளை வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பொத்தேரிப் பக்கம் வீடு. மாப்பிள்ளை ஏதோ கம்பெனியில் நல்ல வேலை, குடிப்பழக்கம் இல்லை, தலையில் முடி இருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அம்மா கேட்டாள். இதுவும் தட்டிப்போனால் இனி நான் யாரையும் தேட மாட்டேன் என்றும் சொன்னாள்.

இப்படித்தான் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பங்களாவில் புதிதாகத் திறந்திருந்த டீ ரூமுக்குப் போனோம். கிளம்பும்போது அம்மா என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்: “கேக் சாப்பிட மட்டும்தான் வாயைத் தொறக்கணும். புரியுதா?”

உள்ளே போனபின் எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது, மூடவேயில்லை.

அதுவரை எனக்குத் தெரிந்த கேக் இரண்டே வகை. கிறிஸ்மஸுக்கு வரும் பிளம் கேக் ஒன்று. பிறந்தநாளுக்கு பேக்கரியில் வாங்கும், மேலே பச்சை இலையும் ரோஜாவும் வைத்த கிரீம் கேக் இன்னொன்று. இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு போட்டு, நகைக்கடை மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது. ஒன்றின் தலையில் நிஜப் பூ. இன்னொன்று கறுப்பாக, பளபளவென்று, மேலே துளி தங்கத்தாள் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன், அதில் என் முகம் தெரிந்தது. வகிடுகூடத் தெரிந்தது. இதையெல்லாம் கத்தி வைத்து வெட்டுவது பாவமில்லையா என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அங்கே வந்திருந்த மனிதர்களும் ஆச்சரியமாகத்தான் இருந்தார்கள். ஓர் அக்கா கேக்கைத் தொடாமல் போன் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். கூட வந்தவள் ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள். ஜன்னலோரம் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டே கேக் சாப்பிட்டார். கூட யாருமே இல்லாமல் ஒருவர் கேக் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. “அவருக்கு பர்த்டேயா, பாவம், யாரும் வரலையா” என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர், அவரும் அவருடைய அப்பா அம்மாவும். அந்த அப்பா ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர்கள் சபையில் கமிட்டி மெம்பர், ஜெபத்தில் பெயர் பெற்றவர் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை சாதுவாக உட்கார்ந்து மேஜைவிரிப்பின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா மெனு கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாதா டீ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

பரிமாறும் அக்கா முதலில் மூன்று அடுக்குத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். கீழே விரல் நீளத்துக்கு சாண்ட்விச், நடுவில் பிஸ்கட் மாதிரி ஏதோ, உச்சியில் குட்டிக் குட்டி கேக்குகள். அந்தக் கறுப்புக் கண்ணாடி கேக்கும் அதில் ஒன்று இருந்தது. எங்கள் சர்ச் கோபுரத்தைக்கூட நான் அப்படி அண்ணாந்து பார்த்ததில்லை. பிறகு பூப்போட்ட பீங்கான் கெட்டில் வந்தது, அதற்குக் கம்பளிக் குல்லா வேறு. பால் தனி, சர்க்கரை தனி. கடைசியாக, கண்ணாடிக்குள் நீல மணல் போட்ட ஒரு சின்னக் குடுவையைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தாள்.

“பாப்பா, இது உன் வேலை. மணல் முழுக்க கீழ எறங்கினதும் சொல்லு, உடனே டீயை ஊத்திடணும். லேட் பண்ணா கசந்துரும்” என்றாள்.

அத்தனை பெரியவர்கள் இருந்த மேஜையில் வேலை எனக்குக் கிடைத்தது. ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா, “ஒரு வார்த்தை ஜெபிச்சுட்டு ஆரம்பிக்கலாமே” என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். கண்ணை மூடாமல் ஜெபத்தில் இருப்பது தப்பு என்று சண்டே ஸ்கூலில் படித்திருந்தேன். ஆனால் மணலை யார் பார்ப்பது? ஒரு கண்ணை மட்டும் மூடினேன்.

ஒரு வார்த்தை என்றவர் நிறுத்தவே இல்லை. மைக் பிடித்துப் பழகிய குரல். இந்த நாளுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். நாட்டை ஆள்கிறவர்களுக்காகவும், இந்தக் கடையில் பணிசெய்யும் கரங்களுக்காகவும், நல்ல மழைக்காகவும் சொன்னார். படம் எடுத்துக்கொண்டிருந்த அக்கா போனை இறக்கிவிட்டு எங்களையே பார்த்தாள். மணல் பாதி இறங்கிவிட்டது.

பிறகு சித்திக்கு வந்தார். எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிடுவார்கள். யாரும் குறுக்கே பேச முடியாது, கடைசியில் ஆமெனும் சொல்லியாக வேண்டும். “பிதாவே, இந்த மகளுக்காக உம்மைத் துதிக்கிறோம். ஊரார் பிள்ளைகளுக்குப் பிரயாசப்பட்டது போதும் ஆண்டவரே. இந்தக் கல்வியாண்டு முடிந்ததும் உத்தியோகத்தை விட்டு, குடும்பமே தன் ஊழியம் என்று உணரத்தக்க மனதைத் தாரும். தனியாக ஸ்கூட்டரில் அலைகிற அவசியத்தையும் நீரே மாற்றிப்போடும்.”

மூடாத கண்ணால் சித்தியைப் பார்த்தேன். அவளும் கண்ணைத் திறந்திருந்தாள். மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை இறுக்கி மூடி, ஒவ்வொரு வரிக்கும் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மணலில் கடைசிப் பொடி விழுந்தது. பெரியவரோ அடுத்து மாமியாருக்கு அடங்கி நடப்பதற்கான கிருபையைக் கேட்க ஆரம்பித்திருந்தார். டீ கசந்துவிடும், வேலை என்னுடையது. ஜெபத்துக்கு நடுவே பேசக் கூடாது. பேச அனுமதி உள்ள ஒரே ஒரு வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சத்தமாகச் சொன்னேன்.

“ஆமென்.”

பழக்கம் என்பது பொல்லாதது. அப்பா ஆமென் என்றார். அம்மா, மாப்பிள்ளை, அவருடைய அம்மா எல்லாரும் ஆமென் என்றார்கள். பக்கத்து மேஜையில் யாரோ ஓர் ஆன்ட்டியும் சொன்னார். ஜெபித்தவரே வாயைப் பாதியில் நிறுத்தி, வேறு வழியில்லாமல் ஆமென் சொல்லிக் கண் திறந்தார். “மணல் முடிஞ்சுருச்சு” என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காது கூர்மை. “பொண்ணு ஆமென் சொல்லலையேம்மா” என்றார் சிரித்த முகமாக.

சித்தியும் சிரித்த முகமாகவே சொன்னாள்: “மழை வரைக்கும் சொல்லிடுறேன் ஆன்ட்டி. அதுக்கப்புறம் கேட்டதுக்கு என்னால சொல்ல முடியாது.” பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பி, “நீங்க சொன்னீங்களே, எல்லாத்துக்கும் சேர்த்தா?” என்று கேட்டாள்.

அவர் அப்பாவைப் பார்த்தார். மேஜைவிரிப்பைப் பார்த்தார். “பழக்கத்துல வந்துருச்சுங்க” என்றார்.

சித்தி தலையசைத்தாள். கெட்டிலின் குல்லாவைக் கழற்றி, எல்லாருக்கும் டீ ஊற்றினாள். தேன் நிறத்தில் இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு உச்சித் தட்டிலிருந்து அந்தக் கறுப்புக் கண்ணாடி கேக்கை எடுத்து, சரிபாதியாக வெட்டி, ஒன்றை என் தட்டில் வைத்தாள். வேறு யாரும் எதையும் தொடவில்லை. நாங்கள் இருவரும் மட்டும் சாப்பிட்டோம். நாக்கில் வைத்ததும் கரைந்து, முதலில் கசந்து, பிறகு இனித்தது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது. நிமிர்ந்து சித்தியைப் பார்த்தேன். அந்தக் கடையில் அவ்வளவு அழகாக வேறெதுவும் இல்லை என்று தோன்றியது.

“ஜெபிச்சுட்டு சொல்றோம்” என்று அவர்கள் எழுந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு “வேண்டாம்” என்று பொருள்.

அப்பாவும் அம்மாவும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். நான் சித்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மேம்பாலம் ஏறும்போது அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “ரெண்டு நிமிஷம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியலையா உன்னால. எல்லாம் போச்சு” என்று என்னைத்தான் திட்டினாள். ஆக, கெடுத்தது நான்தான் என்பது உறுதியாகிவிட்டது.

கெடுத்ததைச் சரிசெய்ய எனக்கு ஒரு வழிதான் தெரியும். அன்று முதல் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் என் முறை வரும்போதெல்லாம், அந்த மாப்பிள்ளை அங்கிளையே சித்திக்குத் திரும்பக் கொடுத்துவிடும் ஆண்டவரே என்று கெஞ்சினேன். அம்மா உருக்கமாக ஆமென் சொன்னாள். அப்பாவும் சொன்னார். சித்திக்கு மட்டும் சரியாக அந்த நேரத்தில் இருமல் வந்துவிடும். அம்மா ஜெபித்தாலும் அப்பா ஜெபித்தாலும் வராது, என் ஜெபம் முடியும்போதுதான் வரும். எனக்குப் பாவமாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து, அங்கிளைக் கொடுக்கும்போதே சித்தியின் இருமலையும் குணமாக்கிவிடும் என்று இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன்.