காசிமேட்டு பாய்லரிலிருந்து எண்ணூர் தேக்சாவுக்கு

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் காசிமேட்டு டீக்கடைக்காரர் எஸ்தர் கொண்டுபோன மசாலா டீயைப் பீகார் லாரி டிரைவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே ஊற்றிவிட்டார்கள். மசாலா என் கடைச் சரக்கு. நான் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து, மூட்டை தூக்கி, இன்று ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். சரக்கு கெட்ட பெயர் வாங்கினால் ஏன் என்று பார்க்காமல் விடமாட்டேன். யார்டு மேனேஜர் எஸ்தருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்: சனிக்கிழமை சாயங்கால டீ. அதுவும் சரியில்லை என்றால் அங்கே டீ மெஷின் வந்துவிடும், எஸ்தருக்கு ஆர்டர் போய்விடும். அதனால் போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வடசென்னையை டீ குடித்தபடி சுற்ற நினைப்பவர்களுக்கும் இந்த வழி சரிப்படும்.

என் கடையிலிருந்து காசிமேடு இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் பதினைந்து ரூபாய். மீன் ஏலம் பார்க்க வேண்டுமா, விடிவதற்குள் போய்விடுங்கள். டீ மட்டும் போதும் என்றால் மதியம் போகலாம். உட்கார இடம் கிடைக்கும். எஸ்தர் கடையில் சாதா டீ பன்னிரண்டு ரூபாய். ஐஸில் மீன் அள்ளி விறைத்த கைகளுக்காகப் போடுகிற டீ அது, அவ்வளவு சூடு, அவ்வளவு திடம். பதினைந்து வருடமாகக் குடிக்கிறேன்.

அன்று எனக்குக் கிடைத்தது சாதா டீ இல்லை.

"வா அண்ணாத்த, உன் சரக்க நீயே குடி" என்று எஸ்தர் மசாலா டீயை நீட்டினார்.

ஒரு வாய்தான். கஷாயம்.

"இன்னா, மூஞ்சி கோணிகினு போவுது?"

"இத எப்படிம்மா போட்டிய?"

"எப்டி போடுவாங்க? பைல தான்."

பாய்லர் கடையில் டீத்தூள் துணிப்பையில் இருக்கும். அதன்மேல் வெந்நீர் ஊற்றி ஊற்றி டிகாஷன் இறக்குவார்கள். எஸ்தர் மசாலாவையும் தூளோடு சேர்த்து அதே பையில் கொட்டியிருக்கிறார். கிராம்பும் பட்டையும் மணிக்கணக்கில் ஊறிக் கசந்துவிட்டன; மாவாக அரைத்த பொடி துணியின் கண்ணை அடைத்துவிட்டது. காசிமேட்டில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். இங்கே டீ என்றால் பைதான். நானோ வீட்டில் பாத்திரத்தில் கொதிக்கவைத்து ருசி பார்த்துவிட்டு விற்றவன்.

இந்த மசாலா டீயே இரண்டு வழக்கங்கள் சேர்ந்து பிறந்ததுதான். சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் தேயிலைக்கு முன்பே நம் வீடுகளில் இருந்தது. தோட்டத் தேயிலை வந்த பிறகு, அதன் விலை கட்டுப்படியாகாத வடக்கத்தி டீக்காரர்கள் தூளைக் குறைத்து, பாலும் சர்க்கரையும் மசாலாவும் கூட்டி ஒரே பாத்திரத்தில் கொதிக்கவிட்டார்கள் என்பார்கள். வியாபாரியான எனக்கு இது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

ஆக, வேண்டியது ஒரு பாத்திரம். லோடு ஆட்டோ பிடித்தோம், எண்ணூர் வரை நானூற்றைம்பது. திருவொற்றியூரில் நிறுத்தி ஒரு பெரிய அலுமினிய தேக்சாவும் கால் கிலோ இஞ்சியும் வாங்கினோம். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடற்கரை, மறுபக்கம் நகராத கன்டெய்னர் வரிசை. ஆட்டோ ஓட்டிய குமாருக்கு ஒரே குஷி.

"யக்கா, இந்த தபாவும் கீழ ஊத்துனாங்கன்னா மொத்தத்தையும் மாமுவையே குடிக்கச் சொல்லு." மாமு என்றது என்னை.

"உன் வாய்ல ஊத்துறேன். ரோட்ட பாத்து ஓட்டு நைனா."

யார்டு வாசலில் அடுப்பு வைத்தோம். தண்ணீரில் நசுக்கிய இஞ்சி, அது நன்றாகக் கொதித்ததும் தூளும் சர்க்கரையும், பிறகு பால், பொங்கி வரும்போது என் மசாலா. அதுவரை நான் சொல்லச் சொல்லச் செய்த எஸ்தர், இறக்கும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். துணிப்பையில் வடிகட்டி, தலைக்கு மேல் கையைத் தூக்கி, நுரை பொங்க ஆற்றினார். பீகார் டிரைவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் ஊரில் டீயை இப்படி ஆற்றுவதில்லையாம்.

முதல் கிளாஸ், முந்தின தடவை முதலில் கீழே ஊற்றிய டிரைவருக்கு. எஸ்தர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார். டிரைவர் பாதி குடித்தார். நிறுத்தினார்.

"அம்மா, அத்ரக் தோடா ஜாஸ்தி" என்று விரலால் இஞ்சியைக் காட்டி, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சைகை செய்தார்.

"இஞ்சி தானே ராஜா? நாளிக்கி போட்டுட்டா போச்சு. இது எப்டி கீது, அத்த சொல்லு."

அவர் மிச்சத்தையும் குடித்துவிட்டு, கிளாஸை மறுபடி நீட்டினார். மேனேஜரும் பின்னால் போய் வரிசையில் நின்றுகொண்டார்.

போகிறவர்களுக்கு: ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு மின்சார ரயிலும் உண்டு, ஆட்டோவைவிட எவ்வளவோ மலிவு. வீட்டில் போடுபவர்கள் இஞ்சியைப் பச்சையாகப் பாலில் போடாதீர்கள், திரிந்துவிடும். டீ மசாலா கிலோ ஐந்நூறுக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதில் இருப்பது ஏலக்காய்த் தோல். இரண்டு ஊர் வழக்கத்தை ஒரு கிளாஸில் ஆற்றிக் கொடுக்கிற டீ வேண்டுமானால், எஸ்தரிடம் போங்கள்.

திரும்பும் வழியிலேயே பேசி முடித்தோம். யார்டில் கிளாஸ் பதினைந்து ரூபாய், காலை மாலை இரண்டு வேளை என்று மேனேஜர் ஒப்புக்கொண்டிருந்தார். மசாலாவுக்கு நான் தொள்ளாயிரத்து அறுபது கேட்டேன். எஸ்தர் எண்ணூற்றைம்பதில் நின்றார். முடிவில் கிலோ தொள்ளாயிரம். பையை அடைக்காதபடி கரகரப்பாக அரைத்து, காசிமேட்டில் கொண்டுவந்து இறக்குவது என் பொறுப்பு. இறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சாதா டீ, காசில்லாமல்.