வெயில் விழும் பக்கம்

எண்பதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுவதும் நான் இருந்த இடத்தில் வெயில் விழவில்லை. சுவிஸில் தஞ்சம் கேட்ட என்னை, மலைகளுக்கு நடுவே கிடந்த ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்குக்கு அனுப்பியிருந்தார்கள். ஆற்றங்கரை வீதியோரம் ஒரு விடுதி. அதன் குசினியில் கோப்பை கழுவும் வேலை, கூரைக்குக் கீழே ஒரு சிறிய அறை. தமிழ் கதைக்க அங்கே ஒருவரும் இல்லை. சில நாட்களில் பாத்திரங்களோடு கதைத்தேன், என் குரல் எனக்கே மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

நவம்பரில் ஒரு மத்தியானம் சூரியன் தெற்கு மலையின் விளிம்பில் தலைகாட்டிவிட்டு இறங்கியது. மறுநாள் அதுவும் இல்லை. விடுதியை நடத்திய பெண்மணியிடம் கேட்டேன்.

"இனி பெப்ரவரியிலதான்," என்றார், பஸ் நேரம் சொல்வதுபோல.

எதிர்ச் சரிவில், உயரத்தில், ஒரு சிறிய குடியிருப்பு இருந்தது. மத்தியானத்தில் அங்கே மட்டும் வெயில் விழும். கோப்பைகளைத் துடைத்தபடி ஜன்னலால் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் பரந்த வெளி சும்மா கிடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வேலியும் வளவுமாக இருந்த ஊரிலிருந்து வந்தவன் நான். இவ்வளவு நிலத்தை விட்டுவிட்டு ஏன் இப்படி நெருக்கியடித்து இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பீல் நகரத்தில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணை ஒருவர் பொங்கலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் ஒன்றாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள். பையைக் கூடக் கட்டிவிட்டேன். ஆனால் விடாமல் பனி கொட்டி, பள்ளத்தாக்கின் வாயில் பனிச்சரிவு இறங்கி வீதியை மூடிவிட்டது. தொலைபேசியில் அவரைப் பிடித்தேன்.

"றோட்டைப் பூட்டிட்டாங்கள் அண்ணை. வரேலாது."

"அப்பிடியோ? சரி, கவனமா இரும்."

பின்னால் ஆட்கள் சிரித்துக் கதைக்கும் சத்தம் கேட்டது. வைத்த பிறகும் கொஞ்ச நேரம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

பொங்கலன்று வானம் வெளித்திருந்தது. விருந்தினர் இல்லாததால் வேலையும் இல்லை. விடுதிக்காரப் பெண்மணியிடம் ஒரு பானையும் அரிசியும் பாலும் சீனியும் கேட்டேன்.

"எங்க கொண்டுபோறீர்?"

"மேல. சூரியனுக்குச் சமைக்க." என்னிடம் இருந்த ஜெர்மன் அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பாலை ஊற்றித் தந்தார். "காட்டுக்குள்ளால போற பாதையில போம். பக்கத்தில இருக்கிற பரந்த வெளியில காலை வைக்காதையும். பனி இறங்கினா அதாலதான் இறங்கும்."

அந்த நிலம் ஏன் சும்மா கிடந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மூச்சு வாங்க ஏறினேன். கடைசி மரங்களைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. கண்ணீர் வந்தது. கண் கூசியதாலும் இருக்கலாம். தொழுவத்துக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பனி அள்ளிக்கொண்டிருந்தார். தனியாக இருக்கும் விவசாயி. விடுதிக்குப் பால் கொடுப்பவர் அவர்தான். கையாலும் வாயாலும் விளக்கினேன். மறுபேச்சில்லாமல் விறகு கொண்டுவந்து போட்டார்.

வீடுகளுக்கு மேலே அடர்ந்து நின்ற காட்டைக் காட்டி, "அங்கயிருந்தோ விறகு?" என்று கேட்டேன்.

"அதில ஒருத்தரும் கை வைக்கிறதில்லை. அதை வெட்டினா பனி எங்கட கட்டிலுக்கு வந்திடும். விறகு மற்றப் பக்கக் காட்டிலயிருந்து இழுத்து வாறது."

கல் அடுக்கி நெருப்பு மூட்டினேன். பால் பொங்கி எழுந்தபோது அவர் பாய்ந்து பானையைத் தூக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"விடுங்கோ. அது வழியவேணும்."

அவர் முகம் சிவந்தது. "இந்தப் பாலுக்கு நான் கோடை முழுக்கச் சரிவில நிண்டு புல்லு வெட்டினனான்."

வருடத்தில் ஒரு நாள்தான் என்றேன். அவர் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு வழியவேணும்?"

"இவ்வளவு காணும்," என்றேன். அடுப்பைத் தணித்தோம்.

தொழுவச் சுவரில் சாய்ந்திருந்து இருவரும் சாப்பிட்டோம். அவர் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். இந்த உயரத்தில் அவருடைய முன்னோர் ஏன் வந்து குடியிருந்தார்கள் என்று கேட்டேன்.

"கீழ ஆறு பெருகும். அங்கால பனி இறங்கும். கிழங்கு விளைய வெயில் வேணும். வேற எங்க இருக்கிறது?"

பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள் அடைத்திருந்தன. அவருடைய தம்பிமார் பாசல் நகரத்தில், மருந்துத் தொழிற்சாலையில் இருந்தார்கள். "இந்த வெயிலை வைச்சு என்ன செய்யிறாய் எண்டு கேக்கிறாங்கள்," என்றார். நிழல் சரிவில் ஏறிவந்து எங்கள் கால்களை மூடியது. நான் பானையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீதி திறந்த பிறகும் ஓய்வு நாட்களில் மேலே போய்வந்தேன். வசந்தத்தில் எனக்குப் பீலில் வேலை கிடைத்தது. விவசாயியிடம் அதைச் சொல்லப் போனபோது அவர் அந்தப் பரந்த வெளியில் குனிந்து நின்றார். பனி இழுத்துவந்த கற்களைப் பொறுக்காவிட்டால் புல் வெட்ட முடியாது. வருடந்தோறும் அதே வேலை. பின்னேரம் வரை அவரோடு சேர்ந்து பொறுக்கினேன்.

"அங்க உமக்குக் கதைக்க ஆக்கள் இருப்பினம்," என்றார்.

"ஓம்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கல்லைத் தூக்கினார்.