மாமா புகை போட்ட காசுகள்

என் தாய்மாமன் தன் வாழ்நாளில் செய்த மோசடி ஒன்றே ஒன்றுதான். அதையும் அவர் ஒழுங்காகச் செய்யவில்லை. அந்த அரைகுறை வேலைக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்று சம்பளம் வாங்கியவள் நான். அந்தப் பலகையில் எழுத்து என்று ஒன்று இருப்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது மாமாவின் திருட்டுத்தனம்தான்.

இலங்கையில், மாத்தளைக்கு மேலே, ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற வழியில் எங்கள் தோட்டம். கீழே தேயிலை, மேலே காட்டு நிழலில் ஏலம். மாமாவுக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பறித்து வந்த காயைத் தட்டுகளில் பரப்பி, ஓர் அறைக்குள் அடுக்கி, கீழே ஒரு சட்டியில் கந்தகத்தைக் கொளுத்திவிட்டுக் கதவை இறுக்கிச் சாத்துவார்கள். அந்தப் புகையில் பச்சைக் காய் வெளுத்துவிடும். வெளுத்த காய்க்குத்தான் வெளிநாட்டில் கூடுதல் விலையாம். ருசியும் மணமும் ஒன்றுதான், பார்வைக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக எங்கோ யாரோ அதிகம் கொடுத்தார்கள். மாமா இதைப் பெரிய உலக ரகசியம் போலச் சொல்லுவார்.

அம்மாவிடம் பதினொரு வெள்ளி ரூபாய்கள் இருந்தன. ராஜா தலை போட்ட பழைய இந்தியக் காசு, அவள் கல்யாணத்தின்போது தாத்தா கொடுத்தது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் பூட்டுப் போட்ட பெட்டி ஏது? ஆகவே அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காகிதத்தில் மெழுகுவர்த்திபோலச் சுருட்டி, தன் தம்பியான மாமாவிடம் கொடுத்து வைத்திருந்தாள். மாமா அந்தச் சுருளைக் கந்தக அறையின் கூரை விட்டத்துக்கு மேலே செருகினார். மூச்சு முட்டும் அந்த அறைக்குள் எந்தக் கள்ளனும் நுழைய மாட்டான் என்பது அவர் யோசனை. யோசனை பலித்தது. பன்னிரண்டு வருஷம் ஒருவனும் நுழையவில்லை, கந்தகப் புகையைத் தவிர.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளை பலகையைப் பார்த்து ஒரு வரிகூட எழுதுவதில்லை, கேட்டால் முழிக்கிறாள், இவளுக்குப் படிப்பு ஏறாது, வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் பொல்லாதவர் அல்ல. மனதில் பட்டதைச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பலகை எனக்கு எப்போதும் வெறும் கறுப்பாகத்தான் இருந்தது. வாத்தியாரின் கை அசைகிற விதத்தை வைத்தே மற்றப் பிள்ளைகள் அவர் எழுதுவதைக் கண்டுபிடிக்கிறார்கள், அந்தச் சாமர்த்தியம் எனக்கில்லை என்று நான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன்.

வருஷ முடிவோடு என்னை நிறுத்திவிடுவது, தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளட்டும், வயது வந்ததும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துவிடலாம் என்று அப்பா தீர்மானித்தார். அம்மா அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்றைக்குப் பேசினாள். மாத்தளை டவுனில் சித்தி வீட்டில் தங்கி டவுன் பள்ளிக்கூடத்தில் நான் படிக்க வேண்டும் என்றாள்.

"இங்க ஏறாதது அங்க போனா மட்டும் ஏறிருமா?" என்றார் அப்பா.

"ஏறும். அதுக்கு என் காச விக்கிறேன்" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடம் திறக்கிற தை மாதத்துக்குள் உடுப்புக்கும் புத்தகத்துக்கும் காசு சேர்ந்தால் போகட்டும், சேராவிட்டால் பேச்சு வேண்டாம் என்று அப்பா முடித்துக்கொண்டார். மாமா விட்டத்திலிருந்து சுருளை எடுத்து வந்தார். காகிதம் ஒரு முனையில் நைந்து கிழிந்திருந்தது. பிரித்துக் கொட்டியதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே இருந்த ஏழு காசுகள் மங்கலாக இருந்தாலும் காசாக இருந்தன. கிழிந்த முனையில் இருந்த நான்கும் நிறம் மாறிப்போயிருந்தன.

"பழுதாப் போச்சே" என்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நான் ஒன்றை எடுத்து, என் வழக்கப்படி மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். எதையும் மோந்து பார்க்கிறவள் என்று வீட்டில் எனக்குப் பட்டப்பெயரே உண்டு. காசின் விளிம்பில் கருநீலம். அதற்கு உள்ளே கத்தரிப்பூ நிறம். ராஜாவின் கழுத்தை நெருங்கும்போது அது தேன் நிறமாகி, கன்னத்தில் வெறும் வெள்ளியாக முடிந்தது. எவ்வளவு அழகு என்று சொன்னேன். படிப்பு ஏறாத பிள்ளையின் அபிப்பிராயத்தை யார் கேட்பார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா அந்த நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மாத்தளைக்குப் போனார். நகை செய்கிற ஆசாரி அதை உரசிப் பார்க்கக்கூட மனமில்லாமல், கறுத்த வெள்ளி என்று அடிமாட்டு விலை சொன்னாராம். மனம் நொந்து போனவர், வந்ததற்கு லாந்தருக்குக் கண்ணாடிச் சிமிலியாவது வாங்கிக்கொண்டு போவோம் என்று ஓர் இரும்புக் கடைக்குள் நுழைந்து, பையிலிருந்து சில்லறையை மேசையில் கொட்டியிருக்கிறார். சில்லறையோடு வெள்ளி ரூபாயும் விழுந்திருக்கிறது. அந்தக் கடை முதலாளி பழைய காசு சேர்க்கிறவர், சில்லறையைத் தொடவில்லையாம். ரூபாயை விளிம்பில் பிடித்து எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தாராம். பிறகு, பளபளவென்றிருக்கும் காசு நாலுக்கு என்ன கிடைக்குமோ அதை இந்த ஒன்றுக்குத் தந்துவிட்டார். வேறு இருந்தால் கொண்டு வரும்படியும், தேய்க்கவோ கழுவவோ கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

மாமா லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. ஆசாரி கழித்துக் கட்டியதை நாலு மடங்கு கொடுத்து வாங்க ஒரு மனிதர் இருக்கிறார். அழகுக்கு விலை! ஏலக்காய் ஸ்டோரில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"காயப் பொகை போட்டா வெலை கூடுது. காசப் போட்டா கூடாதாக்கா?" என்று கேட்டார்.

அம்மா தயங்கினாள். மாமா அவளைத் தயங்க விடவில்லை. மிச்சமிருந்த ஏழு வெள்ளைக் காசையும் கொண்டுபோய், ஏலக்காய்த் தட்டில் அல்ல, கந்தகச் சட்டிக்கு நேர் மேலே ஒரு கம்பி வலையில் பரப்பினார். பன்னிரண்டு வருஷத்து வேலையை ஒரே பகலில் முடித்துவிடும் அவசரம். எடுத்து வந்தபோது காசுகளில் நீலமும் ஊதாவும் செம்பும் மண்ணெண்ணெய் பட்ட தண்ணீர்போலக் கலந்து கிடந்தன. இரண்டு காசு அடுப்புக்கரி நிறத்துக்கே போயிருந்தன. மாமாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அசலில் மூன்றுதான் இருந்தன, இப்போது பத்து என்றார்.

காசு அம்மாவுடையது என்பதால் அவளும் கூட வந்தாள். பள்ளிக்கூடம் எனக்கு என்பதால் நானும் போனேன். கடைக்குள் ஆணிப் பெட்டிகளின் வாசனையும் கயிற்றுச் சுருள்களின் வாசனையும் இருந்தன. முதலாளி வெள்ளைத் தொப்பியும் பனியனும் அணிந்த, மெலிந்த முஸ்லிம் மனிதர். மாமா பத்துக் காசையும் கலந்து அவர் முன் பரப்பினார். முதலாளி குனிந்தார். பார்ப்பதற்கு முன்னால் அவர் மூக்கு லேசாகச் சுருங்கியது. எனக்குக் கூடக் கந்தக நெடி தெரிந்தது. மாமாவுக்கு மட்டும் தெரியவில்லை, அவர் மூக்கு அதிலேயே ஊறிப்போனது.

முதலாளி நிமிர்ந்தார். மாமா முகத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"எங்க புள்ள, இதுல சோக்கான காசெல்லாம் ஒரு பக்கமா எடுத்து வைங்க பாப்போம்."

பெரியவர் ஒருவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். மூன்று காசை ஒரு பக்கமும் ஏழு காசை மறுபக்கமும் வைத்தேன். ஒரு தவறும் இல்லை. மேசைக்குக் கீழே மாமாவின் கால் என் காலை மிதித்தது. எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

"ஏன் அதுக ஏழும் வேணாம்?" என்றார் முதலாளி.

"இதுல நெறம் எழுத்துக்குப் பக்கத்துல ஒதுங்கி நிக்குதுங்க. அதுல எழுத்து மேலயே ஏறிக் கெடக்குது."

மாமா தரையைப் பார்த்தார். முதலாளி சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, ரெண்டும் ஒரே பொகதான். ஆனா அது தானா வந்தது, இது நீங்க புடிச்சி இழுத்துக்கொண்டு வந்தது."

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏழு காசு போயிற்று. அவற்றோடு என் பள்ளிக்கூடமும் போயிற்று என்று அவள் நினைத்திருப்பாள். கேவலமாகப் பேசித் துரத்துவார், போலீஸ் என்பார் என்று நானும் பயந்து நின்றேன். ஆனால் முதலாளி மாமாவை அதோடு விட்டுவிட்டார். அவர் கவனம் வேறெங்கோ போயிருந்தது.

"புள்ள, அந்தச் செவத்துல ஈக்கிற கலண்டர்ல இண்டைக்கு என்ன தேதி?"

"கலண்டருங்களா? எங்கங்க இருக்கு?" என்றேன்.

கலண்டர் எனக்கு நேர் எதிரே, நாலு எட்டுத் தூரத்தில், முழங்கை நீளத்தில் தொங்கியதாம்.

"தங்கச்சி, இது மக்குப் புள்ள இல்ல" என்று முதலாளி அம்மாவிடம் சொன்னார். என்னை மக்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றும் ஆச்சரியப்படுகிறேன். "தூரத்துப் பார்வைதான் இல்ல. மொதல்ல கண்டிக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி போடுங்க."

நல்ல காசு மூன்றையும் போன தடவை கொடுத்த அதே விலைக்கு எடுத்துக்கொண்டார். எங்கள் தோட்டத்தில் யாருமே கேள்விப்படாத விலை. வெந்த ஏழு காசையும் காகிதத்தில் மடித்து அம்மாவிடமே கொடுத்தார். தருமக் காசு கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன், அழகாக இருந்ததற்கு விலை கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் அன்று மாமா சுத்தமான காசுகளை நேர்மையாகக் கொண்டு போயிருந்தால் முதலாளி என்னைக் காசு பிரித்து வைக்கச் சொல்லியிருக்க மாட்டார். என் கண்ணைப் பற்றி இந்த உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது ஏதோ ஒரு தேயிலை மலையில் கொழுந்துக் கூடையோடு நின்றிருப்பேன், மக்கு என்ற நம்பிக்கையும் மாறாமல். அதனால்தான் அந்த முதலாளியை நினைக்கும்போதெல்லாம் மாமாவையும் சேர்த்தே நினைக்கிறேன். பாவம், பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மாவுக்குப் பக்கத்து சீட்டில் இடம் இருந்தும் அவர் ரத்தோட்டை வரை நின்றுகொண்டே வந்தார்.

நான்கு காசின் பணமும் கண்டிப் பயணத்துக்கும் கண்ணாடிக்கும் உடுப்புக்கும் சரியாகப் போனது. கண்ணாடி போட்டுக்கொண்டு லயத்து வாசலில் நின்ற முதல் பகலில் நான் பைத்தியம் பிடித்தவள்போலக் கத்திக்கொண்டிருந்தேன். மரத்தில் இலை தனித்தனியாக இருந்தது. எதிர் மலையில் வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது, அது அருவியாம். பாதையில் வருகிற ஆளுக்கு அவர் வாய் திறப்பதற்கு முன்பே முகம் இருந்தது. தை மாதம் பள்ளிக்கூடம் போக இன்னும் ஒரு கிழமை, ஏழே நாள்தான். அப்பா என்னைப் பார்க்காமல் புத்தகப்பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "குடு பாப்போம்" என்று கையை நீட்டினாள். விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தேன். போட்டுக்கொண்டு எதிர் மலைப் பக்கம் திரும்பினாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. மலையைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு வாசலில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை, நான் நின்ற இடத்திலேயே வைத்து, நெடுநேரம் பார்த்தாள்.

"கைரேகை பட்டுரும்மா, குடுங்க" என்றேன்.

"தல சுத்துதுடி" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இந்தப் பார்வை தாய்வழியில் இறங்கி வருவது என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னபோது எனக்கு நாற்பது வயது, அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முப்பது வருஷமாகப் பக்கத்திலேயே இருந்த மலையை அவள் அன்றைக்குத்தான் முதலில் பார்த்திருக்கிறாள். நான் அவசரப்பட்டுக் கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.