கறுப்புச் சாய்சதுரம்

மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்தபடி காளீஸ்வரி சுவர்ப் பலகையில் வரைந்த சாய்சதுரத்துக்குள் கறுப்பு அடைக்கிறார். ஓரத்தில் துளி வெள்ளை தெரிந்தாலும் விடமாட்டார். "ஒண்ணு செத்தா கூடவே சாகுறது கம்போசிஷன். அதுக்குக் கறுப்பு. தனியா பொழைச்சுக்கிறது அக்ரிகேஷன். அத வெள்ளையா விட்ரு. வீடு போனா ரூமும் போச்சு. எழுதிக்கோங்க."

அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பாத்திரக்கடை மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டர். புரோகிராமில் ஒரு பொருளுக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்று வரையும் இந்தப் பாடத்தில்தான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

"அக்கா, எங்க வீட்ட இடிச்சப்ப நெலையும் கதவும் கழட்டி மாட்டுக்கொட்டத்துக்குப் போட்டோமே?" இது பரளச்சி முனீஸ்வரி.

"ஒங்க மாட்டுக்கொட்டத்தப் பாக்கவா பரீட்சக்காரவுக பஸ்ஸேறி வாராக? கறுப்பு அடி!"

"எங்க டிராக்டரு போயிருச்சுக்கா. இஞ்சினு கெணத்துல ஓடுது," என்கிறான் பாலவனத்தம் பாசித். இந்த வறண்ட காட்டில் எதையும் முழுசாகச் சாகவிடமாட்டார்கள். எல்லார் நோட்டிலும் வெள்ளைச் சாய்சதுரங்கள்.

காளீஸ்வரிக்கு உலகமே இரண்டு நிறம். சாப்பாட்டுத் தூக்கும் மூடியும் அக்ரிகேஷன். மூடி வேறொரு தூக்குக்கும் சேரும். கணவர் ராஜகுருவும் அவருடைய செல்போனும் கம்போசிஷன்.

கட்டடத்தை இடிக்கப்போவதாக உரிமையாளர் ஜமால் மைதீன் சொல்லி மாதங்கள் ஆகின்றன. வேறு இடம் பாருங்கள் என்றால், "இந்த மாடி இருந்தாத்தான் சென்டரு. போனா ரெண்டும் சேந்து போகட்டும்," என்பார் காளீஸ்வரி. அவரிடம் படித்துவிட்டு, இதே படங்களை வெளிநாட்டில் வரைந்து சம்பளம் வாங்கும் எனக்குத்தான் பதற்றம். விடுப்பில் வந்த நாளிலிருந்து, மாடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே காலை டீ குடிக்கிறேன்.

நேற்று பாய் படியேறி வந்தார். பலகையில் 'கட்டடம்', 'சென்டர்' என்று இரு பெட்டிகள். நடுவே சொட்டு வெள்ளையில்லாத கறுப்பு.

"டீச்சரம்மா, திங்கக்கெழம ஜேசிபி வருது. கோவிச்சுக்கிராதீக."

"இதுல கோவிக்க என்ன இருக்கு பாய்? நானும் மூடிட்டு வீட்டப் பாக்கப் போறேன்."

பாய் இறங்கிப் போனார்.

"அப்ப எங்க பரீட்ச?" என்றாள் முனீஸ்வரி.

காளீஸ்வரி பலகையில் இருந்த கறுப்பைப் பார்த்தார். மேசை இழுப்பறையில் ஸ்குரூடிரைவரைத் தேடி எடுத்தார். சேலையைச் செருகிக்கொண்டு பெஞ்சில் ஏறி, பலகையின் முதல் திருகைக் கழற்றத் தொடங்கினார்.

"ஏலே பாசித்து, வேடிக்க பாக்காத. அந்தப் பக்கம் தாங்கிப் பிடி. எழுதுனதுல கை பட்றாம!"