திருவேற்காட்டு ஷேர் ஆட்டோவும் என் முதல் வேலையும்

பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது என் முகம் ஒரு வீடியோவில் ஊரெல்லாம் சுற்றியது. எடுத்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று கல்லூரி முடிந்து திருவேற்காட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பூந்தமல்லி போய், அங்கிருந்து ஆவடிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். வழியில் காய்கறிப் பையோடு ஓர் அம்மா இறங்கினார். ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில் இருக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அந்த அம்மா குப்புற விழுந்தார். தக்காளி ரோடெல்லாம் உருண்டது. நான் குதித்து இறங்கி டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். "யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா கீது? மனுசங்கள ஏத்திகினு போறியா, மூட்டையா?" இன்னும் சில வார்த்தைகளும் வந்தன. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கூடி யாரோ அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைத்ததும், கோபம் ஆறாமல் நான் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டேன்.

வீடியோவில் அந்த அம்மா இல்லை, தக்காளியும் இல்லை. நான் கத்துவதும் டிரைவர் உட்கார்ந்திருப்பதும் மட்டும், பின்னால் குத்துப்பாட்டோடு. கல்லூரியில் முதலில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டில் அம்மா சிரிக்கவில்லை. அப்பாவுக்கு ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலை வேலை கிடைத்து விருதுநகர்ப் பக்கத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நான் சண்டை போட்டதைவிட, பேசிய மெட்ராஸ் பாஷைதான் அம்மாவுக்கு உறுத்தியது. அப்பாவின் ஷிஃப்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று அம்மாதான் சொன்னாள்.

கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கியது. ஒரு பெரிய நிறுவனத்தின் கடைசிச் சுற்று வரை போனேன். கேள்விகளெல்லாம் முடிந்தபின், எதிரில் இருந்த இளைஞர் சற்றுத் தயங்கி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. கடைசி வரை கேட்டார். "புரியுதும்மா. ஆனா எங்க கஸ்டமர் யாராவது இதப் பார்த்துட்டுக் கேட்டா, அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இவ்வளவு கதையையும் நாங்க சொல்ல முடியாதே" என்றார். தேர்வானவர்களில் நான் இல்லை. காரணம் அந்த வீடியோதான் என்று பிளேஸ்மென்ட் பார்க்கும் மேடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அழித்துவிடு என்றாள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் என் தோழி. அந்த வீடியோ என் பேஜில் இருந்தால்தானே அழிக்க? என் பேஜில் இருந்ததெல்லாம் கொரட்டூர் ஏரிக்கு வரும் நாரைகளின் படங்கள். வேலை கொடுப்பவர்கள் அதையும் பார்த்திருப்பார்கள். நாரை யாருக்கு ஞாபகம் இருக்கும்? வீடியோ போட்ட பேஜுக்கு, எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதோடு சரி.

அதற்குப் பிறகு ஒரு மழை நாளில், வேறு வழியில்லாமல் தோழியோடு அதே ரூட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். கண்ணாடியில் டிரைவர் என்னையே பார்த்தார். அவரேதான்.

"மொறைக்காத பாப்பா. அன்னிக்கு அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனது நாந்தான். மாவுக்கட்டு போட்டு, ஊட்டுல உட்டுட்டுத்தான் வந்தேன்" என்றார்.

எனக்கு அது தெரியாது. வீடியோவால் அவரும் அவமானப்பட்டிருந்தார். ஒரு பொண்ணு கத்த, வாயை மூடிக்கொண்டு குந்தியிருந்தான் என்று ஸ்டாண்டில் ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள். எனக்குக் கிடைக்கவிருந்த வேலை கைநழுவியதை என் தோழிதான் அவரிடம் சொன்னாள். பூந்தமல்லியில் ஆட்கள் இறங்கியதும் என்னை நிறுத்தினார்.

"எம்மேலதான் தப்புன்னு நானே சொன்னா ஒத்துப்பாங்களா?"

வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்தி, காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டு, தலைசீவிக்கொண்டு தோழியிடம் தன் போனைக் கொடுத்தார். முதலில் "வணக்கம் நண்பர்களே" என்று செய்தி வாசிப்பவர் போல ஆரம்பித்துத் திக்கினார். இரண்டாவது தடவை தன் பேச்சில் பேசினார். "அந்தம்மா எறங்கறதுக்குள்ள வண்டிய எட்த்தது நானு. வுழுந்துட்டாங்க. இந்தப் பொண்ணு கேட்டுச்சு. அது மேல ஒரு தப்பும் கெடியாது." அதைத் தன் பேஜிலேயே போட்டார். முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த இன்டர்வியூ அம்பத்தூரில், தண்ணீர் மோட்டார் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். இந்தத் தடவை, கேட்பதற்கு முன் நானே ஆரம்பித்தேன். எதிரில் இருந்த மேடம் கையமர்த்தினார். இரண்டு வீடியோவையும் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

"நீங்க கத்துனது இருக்கட்டும். இங்க தினமும் யாராவது உங்களப் பார்த்துக் கத்துவாங்க. அப்ப என்ன செய்வீங்க?"

"அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு முதல்ல கேப்பேன் மேடம்" என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை. வேலை கிடைத்தது.

சேர்ந்து கொஞ்ச நாளில் டிரைவர் போன் செய்தார். அவர் வீடியோவின் கீழே, காசு வாங்கிக்கொண்டு பேசுகிறான் என்று ஆரம்பித்து, வீட்டுப் பெண்கள் வரை இழுத்துத் திட்டியிருந்தார்கள். "எடுத்துடட்டா பாப்பா? ஊட்டுல ஒரே ரோதனையா கீது. உன் வேலைக்கு எதுனா ஆவுமா?" ஒன்றும் ஆகாது, எடுத்துவிடுங்கள் என்றேன். இப்போது இருப்பது பழையது மட்டும்தான்.

அவர் மகள் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தார். அம்மா காபி போட்டாள். அப்பாவும் அவரும் வாசலில் நின்று டீசல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் காலேஜைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் நகர்ந்ததும் மெதுவாக, "அக்கா, இன்டர்வியூல என் பேஜையும் பாப்பாங்களா?" என்றாள்.

"பாப்பாங்க."

அவள் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். தோழிகள், பள்ளி ஆண்டு விழா நடனம், ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டிய ஆட்டோ. எடுத்துவிடச் சொல்லும்படி எனக்கு ஒன்றுகூடத் தென்படவில்லை.