வியாழக்கிழமை கிரேன்

ஏணியின் கடைசிப் படியில் நின்று செருப்பைக் கழற்றி, கைப்பையோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டு, "பெர்மெஸ்ஸோ" என்று சொல்லிவிட்டுத்தான் மகேந்திரராசா தன் படகுக்குள் கால் வைக்கிறார். பிறர் வீட்டு வாசலில் நின்று இத்தாலியர்கள் கேட்கும் அனுமதி அது. படகுக்குள் யாரும் இல்லை, படகும் அவருடையதுதான். கேட்டால், "முப்பது வருசமா ஆக்களின்ரை வீட்டுக்குள்ளை போய் வாறன் தம்பி. வாய் தன்ரை பாட்டிலை சொல்லுது" என்கிறார்.

வயது அறுபத்தொன்று. ஒல்லியான உடம்பு, நீண்ட கைகள். உட்காரும்போது ஒரு முனகல், எழும்போது இரண்டு. காலை ஐந்து மணிக்கு, நகரத்தில் சீசா என்ற பகுதியில் வேலை தொடங்குகிறது. நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களின் படிகளை மேலிருந்து கீழாகக் கூட்டித் துடைக்க வேண்டும். மதியத்துக்கு மேல் இரண்டு பஸ் மாறி ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊர். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவார். இறங்குமிடம் வந்ததும் யாரும் எழுப்பாமலே விழித்துக்கொள்வார். அங்கே, கணவாய் பொரிக்கும் உணவகங்களுக்குப் பின்னால், பத்துப் பதினைந்து பழைய படகுகளுக்கு முட்டுக்கொடுத்துத் தரையில் நிறுத்தியிருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நான்கு வருடங்களாக அவருடைய பின்னேரங்கள் அங்கேதான் போகின்றன.

நான் அவரைச் சந்தித்ததும் அங்கேதான். பல்கலைக்கழகத்தில் கடற்பாசி ஆராய்ச்சி என் பிழைப்பு. படகுகளின் அடியில் ஒட்டியிருந்த பாசியைச் சிறு டப்பா ஒன்றில் சுரண்டிக்கொண்டே அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "தமிழோ? அப்ப அந்தப் பக்கம் முழுக்கச் சுரண்டிப்போட்டுப் போம்" என்று ஓர் இரும்புத் தகட்டை நீட்டினார். அறிவியலுக்கு ஒரு டப்பா போதும். அன்று நான் சுரண்டியது ஐந்து மீட்டர். அதற்குப் பிறகு என் சனிக்கிழமைகள் எனக்குச் சொந்தமாக இல்லை.

படகு ஒன்பது மீட்டர் நீளம், ஒற்றைப் பாய்மரம், ஐம்பது வயது. பின்பக்கத்தில் 'லா ரொந்தினே' என்று எழுதியிருக்கிறது. தகைவிலான் குருவியின் பெயர். கத்தரீனா என்ற அம்மாவுடைய படகு அது. இப்போது அவருக்கு எண்பத்தெட்டு. கடலைப் பார்த்த மூன்றாம் மாடியில் இருக்கிறார். மகேந்திரராசாவின் மனைவி சந்திரமதி ஒன்பது வருடங்களாக அவரைப் பார்த்துக்கொள்கிறார். வக்கீலாக இருந்த கணவருக்குப் படகில் ஏறினாலே குமட்டும் என்பதால், கத்தரீனா தானே பாயேற்றி ஆப்பிரிக்கக் கரையிலுள்ள துனிசு வரை போய் வந்தவர். வயதானபின் படகு பதினொரு வருடம் கரையில் மழைநீர் குடித்துக் கிடந்தது. ஒருநாள் சாவியையும் பத்திரத்தையும் மகேந்திரராசாவின் கையில் வைத்து, "ராசா, இதை அழுகவிடாதே" என்றாராம். பெயரின் முன்பாதி அவர் வாயில் நுழையாது. "நான் கலியாணம் கட்டி முப்பத்திரண்டு வருசம், ஒருக்காலும் ராசா எண்டு கூப்பிட்டதில்லை" என்பார் சந்திரமதி. "வீட்டுக் குழாய் ஒழுகுது. இந்த மனுசன் கப்பலுக்கு ஓட்டை அடைக்குது."

அவருக்குத் தெரிந்த தொழில் மாடிப்படி. ஆகவே படகையும் மாடிப்படியாகவே நினைத்து வேலை செய்தார். துறையில் எல்லோரும் அடிப்பாகத்தை முதலில் முடிப்பார்கள். இவர் பாய்மர உச்சியில் தொடங்கினார், பிறகு மேல்தளம், பிறகு அறை. மேலே உலராமல் கீழே கை வைக்கமாட்டார். மூன்றாவது வருடம்தான் அடிப்பாகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே நீர் ஊறி எழுந்த கொப்புளங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றையும் உடைத்து, காயவிட்டு, எபோக்சிப் பசை நிரப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புறங்கையால் தடவிப் பார்ப்பார். "இது படகில்லைத் தம்பி. அம்மை போட்ட பிள்ளை." மற்றவர்கள் வணக்கம் சொல்வதுபோல அவர் "களைச்சுப் போனன்" என்பார். "களைச்சுப் போனன். அந்த வாளியை இஞ்சாலை தாரும்."

இந்த ஆகஸ்டில், மகன் தன்னை வடக்கே டூரினுக்குக் கூட்டிப்போகப் போகிறான் என்று கத்தரீனா சொன்னார். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை பயணம், வீட்டைப் பூட்டிவிடுவார்கள். சந்திரமதியின் வேலையும் அன்றோடு முடியும். அதைப் பற்றி மகேந்திரராசா என்னிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. பேசியதெல்லாம் இதுதான்: "அந்த மனுசி ஒண்டே ஒண்டுதான் கேட்டது. போறதுக்கு முந்தி, பால்கனியிலை இருந்து, பாய் விரிச்சபடி அதை ஒருக்காப் பார்க்கவேணுமாம்."

வேலை அக்டோபர் நடுவில் முடிந்தது. படகைத் தண்ணீரில் இறக்கக் கிரேன் வேண்டும். அந்தத் துறைக்குக் கிரேன் வியாழக்கிழமை மட்டும் வரும். பகல் சாப்பாடு முடிந்து இரண்டரைக்கு வந்து, மூன்றரைக்கு அடுத்த துறைக்குப் போய்விடும். படகின் அறைக்குள் கோயிலில் கொடுத்த நாட்காட்டி தொங்குகிறது, ஐரோப்பிய நேரத்துக்குக் கணித்தது. அந்த வியாழனுக்கு ராகு காலம் இரண்டேகாலிலிருந்து மூன்று முப்பத்தெட்டு வரை. கிரேனும் ராகுவும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு வருவதுபோல இருந்தது.

முதல் வியாழன், கிரேன் ஓட்டும் சால்வோ படகின் வயிற்றுக்குக் கீழே பட்டைகளைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே கையில் எலுமிச்சம்பழத்தோடு மகேந்திரராசா நிற்கிறார். நாலு மணிக்கு இறக்கலாமா என்று கேட்டார். முடியாது, மூன்றரைக்கு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்றான் சால்வோ. ஒரு மணிக்கு? சாப்பாட்டு நேரத்திலா என்று சால்வோ பார்த்த பார்வையில் இவரே வெட்கப்பட்டுப் போனார். அப்படியானால் நாளைக்கு? வெள்ளிக்கிழமை, மங்களமான நாள். சால்வோ சட்டென்று கை நீட்டி, கெட்ட சகுனத்தை விரட்டுகிறவனாகக் கிரேனின் இரும்பைத் தொட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஒரு தோணியைக்கூடத் தண்ணீரில் இறக்கமாட்டானாம். அவன் அப்பாவும் இறக்கியதில்லையாம். இருவரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அதில் கோபமே இல்லை. பட்டைகளைக் கழற்றிக்கொண்டு கிரேன் போய்விட்டது.

கோபம் எனக்குத்தான் வந்தது. "அண்ணே, கடல்லகூடவா ராகு காலம்?"

"நீர் சிரியும். நான் என்ரை வாழ்க்கையிலை ஒரு நல்ல காரியமும் ராகு காலத்திலை தொடங்கேல்லை."

"தொடங்கினது எல்லாம் நல்லா வந்துச்சா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் படகின் அடியைப் புறங்கையால் தடவினார். "இல்லை" என்றார். "ஆனா தொடங்கின நேரத்தை ஒருத்தரும் குறை சொல்லேலாது."

இரண்டாவது வியாழன் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து அனல்காற்று செம்மண் தூசியோடு அடித்தது. சால்வோ தானாகவே போன் செய்து வரமுடியாது என்றான். மகேந்திரராசா ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, மேலிருந்து கீழே, படகு முழுவதையும் மறுபடி கழுவினார். நான் போகும்போது ஏணியடியில் உட்கார்ந்திருந்தார். எழுவதற்கு என் கையைக் கேட்டார். அதுவரை கேட்டதில்லை.

மூன்றாவது வியாழன், கத்தரீனா புறப்பட இரண்டே நாள். இரண்டரைக்குக் கிரேன் வந்தது. சால்வோ எஞ்சினை அணைக்காமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாட்காட்டியைப் போய்ப் பாருங்கள் என்றோ பார்க்காதீர்கள் என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகேந்திரராசா இடது கையைத் திருப்பி, எபோக்சி குழைக்கும்போதுகூடக் கழற்றாத எவர்சில்வர் கடிகாரத்தைக் கழற்றினார். காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இறக்கச் சொல்லும்" என்றார்.

படகு பட்டைகளில் ஆடியபடி மேலே போய், சுவரைத் தாண்டி, தண்ணீரில் உட்கார்ந்தது. உள்ளே ஓடிப் போய் ஓட்டை அடைத்த ஒவ்வோர் இடமாகத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு சொட்டு இல்லை. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் போட்டார். அதுவும் படகுக்குப் பக்கத்தில் மிதந்தது.

சனிக்கிழமை காலை காற்றே இல்லை. மகன் பன்னிரண்டு மணிக்குக் கார் கொண்டுவருவான் என்று சந்திரமதி சொல்லியிருந்தார். ஒன்பதாயிற்று, ஒன்பதரை ஆயிற்று. கடல் எண்ணெய்போலக் கிடந்தது. பத்து மணிக்குத்தான் மேற்கிலிருந்து மெல்லக் காற்று எழுந்தது. நான் ராகு காலம் பார்க்கிறவன் அல்ல. அன்று போனில் பார்த்தேன். பத்து மூன்றிலிருந்து பதினொன்று இருபத்தேழு வரை. போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றி, "பெர்மெஸ்ஸோ" சொல்லி ஏறினார். நாட்காட்டி தொங்கும் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எஞ்சினில் வெளியே வந்து பெரிய பாயை ஏற்றினோம். மூன்று கோடைகள் மற்றவர்களின் படகுகளில் கயிறு இழுத்த அனுபவம் அவருக்கு. எனக்கு நீச்சல் தெரியாது. கடற்பாசி ஆராய்ச்சிக்காரன் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. மிதவைச் சட்டையைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டு, அவர் கொடுத்த கயிற்றை உயிர்போலப் பிடித்திருந்தேன். முன்பாயும் விரிந்தது. மூன்றாம் மாடிப் பால்கனியில் ஒரு நாற்காலி, சிவப்புச் சால்வை, பக்கத்தில் சந்திரமதி. என் போன் அடித்தது.

"இஞ்சேருங்கோ, வடிவாத் தெரியுது! சின்யோராவிட்டைக் குடுக்கிறன்."

கத்தரீனா அழப்போகிறார் என்று நினைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மகேந்திரராசா பக்கம் நீட்டினேன். காது கிழிகிற மாதிரி ஓர் அதட்டல் வந்தது. "ராசா! முன்பாய் என்ன, உலர்த்தப்போட்ட பாவாடையா? இழு!"

"ஸீ, சின்யோரா."

'சரி, அம்மா' என்று இத்தாலிய மொழியில் சொல்லியபடியே முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார். படகு பக்கவாட்டில் சாய்ந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன்.

"இன்னும்!"

"ஸீ, சின்யோரா."

பாய் விறைத்து நின்றது. படகு வேகமெடுத்தது. பிறகு மெல்ல, "அப்படித்தான்" என்றார் கத்தரீனா.

பால்கனிக்கு எதிரே மூன்று முறை போய் வந்தோம். ஒவ்வொரு திருப்பத்திலும் பாயை அவிழ்த்து மறுபக்கம் இழுக்க வேண்டும். மூன்றாம் முறை கயிறு அவர் பிடியிலிருந்து இரண்டு தடவை நழுவியது. நான் இழுக்கட்டுமா என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். மறுபடி சந்திரமதியின் குரல் வந்தது, இப்போது சத்தம் குறைந்து. "மகன் வெள்ளெனவே வந்திட்டார். சின்யோரா உள்ளுக்குப் போயிட்டா. போகேக்கை திரும்பித் திரும்பிப் பார்த்தவ. நீங்கள் கவனமா வாங்கோ." பால்கனியில் நாற்காலி மட்டும் இருந்தது.

அவர் உடனே கரைக்குத் திரும்பவில்லை. மலைமுனைப் பக்கம் படகை விட்டார். கத்தரீனா இழுக்கச் சொன்ன பாயை இம்மியும் தளர்த்தவில்லை. வீடு சிறுத்து, பாறைக்குப் பின்னால் மறைந்தது.

"களைச்சுப் போனன்" என்றார். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார். "மணி என்ன தம்பி?"

"பதினொன்னு முப்பத்திரண்டு அண்ணே."

"ம்."

சுக்கானை முழங்காலால் அணைத்துக்கொண்டு, காற்சட்டைப் பைக்குள் கையை விட்டு வியாழக்கிழமை போட்ட கடிகாரத்தை எடுத்தார். அதன் கண்ணாடியைச் சட்டையில் ஒருமுறை துடைத்து, மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.