கழற்றிய கம்பியில் ஏறிய தண்ணீர்

இது கட்டிவிட்ட கதையல்ல. தவராசாவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஆவணி வெயிலில். குளத்தின் பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை. அதன் கீழே இன்றைக்கும் பிள்ளை குட்டிகளோடு சனம் இருக்கிறது.

அறுபத்துநாலாம் ஆண்டு. நெடுங்கேணிப் பக்கம் ஒரு குளத்துக்கு நீர்மட்டம் காட்டும் மின்கருவி பூட்டினார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மாரியில் குளக்கட்டு உடைந்து, கீழே இருந்த குடியேற்றத்தை வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் திடீரென ஏறியது, யாருக்கும் தெரியவில்லை என்று விசாரணையில் சொல்லி முடித்துவிட்டார்கள். செத்தவர்களின் பேரில் ஒரு அளவுமுள்ளும் கம்பியும் வந்தன.

அந்தக் கருவியின் அளவைச் சரிபார்த்து வைக்க வந்தவர்தான் தவராசா. குளக்கட்டுக் கிணற்றுக்குள் ஒரு மிதவை. அது உயர உயரக் கம்பியில் மின்னோட்டம் கூடும். கம்பியின் மறுமுனையில், நீர்ப்பாசன அலுவலகமான கந்தோரில் இருக்கும் முள் ஏறும். குளம் வற்றினாலும் கம்பியில் கொஞ்சம் மின்சாரம் ஓடவேண்டும். முள் அடிக்கோட்டுக்கும் கீழே விழுந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று பொருள்.

உதவியாள் ஏரம்பு கிணற்றடியில் தொலைபேசியோடு இருந்தான். தவராசா கந்தோரில் திருகாணியைத் திருப்பி முள்ளை அடிக்கோட்டில் நிறுத்தினார். யன்னலுக்கு வெளியே குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. நடுவில் மாடுகள் மேய்ந்தன.

முள் அசைந்தது.

"ஏரம்பு, மிதவையைத் தூக்கினியோ?"

"இல்லை அண்ணை. மண்ணிலைதான் கிடக்குது."

முள் மெல்ல ஏறியது. கால்வாசி... அரைவாசி... கருவியில் பழுது என்று நினைத்துத் தவராசா கம்பியைக் கழற்றினார். முள் விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை. ஏறிக்கொண்டே இருந்தது.

தொலைபேசியில் ஒரு சத்தம். சள... சள... ஈரச்சேலையோடு யாரோ நடப்பதுபோல. பிறகு ஒரு பெண்குரல்.

"ஐயா... தண்ணி எவ்வளவு? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போகட்டோ?"

கட்டால் போகிற யாரோ ஏரம்புவிடம் தொலைபேசியை வாங்கிப் பேசுவதாக நினைத்தார். காய்ந்த குளத்தைப் பார்த்தார். கண்ணால் கண்டதைச் சொன்னார்.

"ஒரு பயமும் இல்லை. வீட்டை போங்கோ."

"ஓம் ஐயா..."

முள் உச்சக்கோட்டைத் தாண்டியது.

நின்றது.

பிறகு ஒரேயடியாக விழுந்தது.

தவராசா கட்டுக்கு ஓடினார். ஏரம்பு மர நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பெண்கள் எவரும் இந்தப் பக்கம் வரவில்லை என்றான்.

பின்னேரம் சோறு இறங்கவில்லை. கந்தோருக்குச் சமைக்கும் நேசமலர் ஏனென்று கேட்டாள். வெள்ளத்துக்கு முன்பிருந்தே அங்கே சமைப்பவள். முள் ஏறியதையும், ஒரு பெண் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டதையும் அவளுக்குச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

"சட்டெண்டு ஏறினதோ தம்பி, மெல்லவோ?"

"மெல்லத்தான்."

நேசமலர் அப்படியே நிலத்தில் குந்தினாள்.

கட்டு உடைந்த அன்றைக்கும் தண்ணீர் மெல்லத்தான் ஏறியதாம். மத்தியானத்திலிருந்தே இந்த யன்னலால் கந்தோர்க்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். இலட்சுமி என்று ஒருத்தி மழையில் நனைந்து, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, குடியேற்றத்திலிருந்து கேட்க வந்தாளாம். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற நேசமலரின் காதில் எல்லாம் விழுந்ததாம்.

"கதிரையிலை இருந்த அதிகாரி எழும்பக்கூட இல்லைத் தம்பி. 'ஒரு பயமும் இல்லை, வீட்டை போங்கோ' எண்டவர். அவள் ஓம் ஐயா எண்டிட்டுப் போனவள்."

தான் சொன்ன பதிலை, தவராசா அதுவரை நேசமலரிடம் சொல்லியிருக்கவில்லை.